மஞ்சள்தான், மாஸ்டர்

அந்த டிவியில் சொல்லும்படியான கோளாறு எதுவும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்; கடைசி வரை மறைத்து வைத்துக் காட்டுகிற வித்தையெல்லாம் எனக்கு வராது. ஐம்பத்தைந்து அங்குலம், வாங்கி ஒன்பது வருடம், தூக்க இரண்டு ஆள் வேண்டும். கோளாறு அதைப் பார்த்த கண்ணில் இருந்தது. அது எனக்குத் தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. இந்தக் கதையில் என் பங்கு அவ்வளவுதான், ஆனால் அது கொஞ்சநஞ்சப் பங்கு இல்லை.

நான் வீடு வீடாகப் போய் டிவி பழுது பார்ப்பவன். இருபது வருடத்தில் நான் கற்றுக்கொண்ட ஒரே தொழில் தர்மம், ரிமோட் யார் கையில் இருக்கிறதோ அவர் கண்ணுக்குத்தான் நிறம் வைக்க வேண்டும் என்பது. ஒருவருக்கு முகமெல்லாம் தக்காளிச் சிவப்பாக இருந்தால்தான் அது கலர் டிவி. இன்னொருவருக்குப் புல்லின் பச்சை கண்ணைக் குத்த வேண்டும். இதுதான் சரியான நிறம் என்று பாடம் நடத்தினால் அடுத்த தடவை வேறு ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். அதனால் வாடிக்கையாளர் என்ன சொன்னாலும் முதலில் "ஆமா" சொல்லிவிட்டுத்தான் பையைத் திறப்பேன். என் மனைவி எனக்கு 'ஆமாஞ்சாமி' என்று பெயர் வைத்திருப்பது சும்மா இல்லை.

கழுகு மாஸ்டர் என்னை முதலில் கூப்பிட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். துணி ஆலையில் ஷேட் பார்க்கிறவர் அவர். சாயம் ஏறி வருகிற துணியை, வாடிக்கையாளர் கொடுத்த மாதிரித் துண்டோடு வைத்துப் பார்த்து, இரண்டும் ஒரே நிறம்தானா என்று சொல்ல வேண்டும். அவர் சாக்பீஸால் ஒரு கோடு போட்டால்தான் லாரி கிளம்பும். நிறம் அளக்க அங்கே ஒரு மெஷினும் உண்டு. மெஷின் ஒன்று சொல்லும், மாஸ்டர் வேறு ஒன்று சொல்வார், முதலாளி மாஸ்டர் பேச்சைத்தான் கேட்பார். பல வருடமாகத் தோற்றது மெஷின்தான். கழுகு என்று பெயர் விழுந்தது அப்படித்தான். அப்படிக் கூப்பிட்டால் அவருக்கும் உள்ளூர ஒரு சந்தோஷம்.

வீட்டிலும் அதே ராஜ்ஜியம்தான். நிறம் என்று வந்துவிட்டால் அவர் வைத்ததுதான் சட்டம். மகள் தன் அறைச் சுவருக்கு வெளிர்பச்சை அடிக்க ஆசைப்பட்டாளாம். "இது பச்சையா? சாம்பல்ல பச்சை தடுக்கி விழுந்திருக்கு" என்று அவர் சொன்ன ஒரு வார்த்தையில் அந்த டப்பா கடைக்கே திரும்பிப் போனது. பக்கத்து வீட்டுக்காரர்கள் சட்டைக்குப் பித்தான் வாங்கினால்கூட அவரிடம் கொண்டுவந்து காட்டுவார்கள். இப்படிப்பட்ட மனிதர் டிவி மஞ்சளடிக்கிறது என்று சொன்னால், டிவி மஞ்சளடிக்கிறது. அதில் யாருக்கும் இரண்டாவது அபிப்பிராயம் கிடையாது.

"வாங்க டிவிக்காரரே. வெள்ளைச் சட்டையெல்லாம் பழுப்பாத் தெரியுது. இத மாத்தணுமா, சரி பண்ணியே ஓட்டலாமா? அதச் சொல்லுங்க முதல்ல. உங்க கண்ணுக்கு எப்படித் தெரியுது?"

நான் தள்ளி நின்று பார்த்தேன். உண்மையிலேயே கொஞ்சம் மஞ்சள் இருந்தது. வருடக்கணக்கில் சூடு பட்டால் திரைக்குப் பின்னால் இருக்கிற தாள் லேசாகப் பழுத்துப்போகும். "மஞ்சள்தான், மாஸ்டர்" என்றேன். அன்றைக்கு அது சத்தியம்.

ரிமோட்டில் நாலைந்து பொத்தான்களை வரிசையாக அழுத்தினால், வீட்டுக்காரர்கள் பார்க்காத ஒரு பட்டியல் திறக்கும். அதில் நீலம் நூற்று இருபத்தெட்டில் இருந்தது. நூற்று முப்பத்தாறாக ஏற்றினேன். வெள்ளை வெள்ளையாயிற்று. நான் எங்கே போனாலும் ஒரு பழக்கம், டிவியின் முதுகில் ஒரு துண்டுத் தாளை ஒட்டி, தேதியையும் எண்ணையும் எழுதிவைத்துவிடுவேன். அங்கேயும் எழுதினேன். மாஸ்டர் குனிந்து, என் கோழிக்கிறுக்கலைக் கண்ணாடி இல்லாமல் கடகடவென்று படித்தார்.

"அஞ்சு வருஷமாப் போட்டுக்கிட்டிருந்த கண்ணாடி. போன வருஷம் கழட்டி வீசிட்டேன். இப்ப பேப்பர் படிக்கக்கூட வேண்டாம். வயசு ஏற ஏற எனக்குக் கண்ணு இளமையாயிட்டு வருது" என்று சிரித்தார். எனக்கு நாற்பத்து நாலு வயதிலேயே ஸ்க்ரூ எது, பூச்சி எது என்று தெரியவில்லை. உள்ளுக்குள் பொறாமையாக இருந்தது.

"மாத்த வேண்டாம் மாஸ்டர். இத வச்சே இன்னும் நாலு வருஷம் ஓட்டலாம்" என்று சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டு வந்தேன். அதோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம்.

ஆறு வாரத்தில் மறுபடியும் அழைப்பு. மறுபடியும் மஞ்சள். அதே கேள்வி, "உங்க கண்ணுக்கு எப்படித் தெரியுது?" எனக்குத் திரை சரியாகத்தான் தெரிந்தது. ஆனால் யோசிப்பதற்கு முன்னால் என் வாய் முந்திக்கொண்டது. "கொஞ்சம் மஞ்சள்தான், மாஸ்டர். பழைய டிவின்னா அப்படித்தான், வயசாகுதுல்ல" என்றேன். வெறும் வாய்ப்பழக்கம். அதைத் தவிர அதில் வஞ்சகம் ஒன்றும் இல்லை. நீலத்தை நூற்று ஐம்பதுக்கு ஏற்றினேன், தாளில் எழுதினேன். அவர் திருப்தியாகத் தலையாட்டினார்.

மூன்றாவது தடவை போனபோது மாஸ்டர் குளித்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி என்னைச் சமையலறை வாசலுக்குக் கூப்பிட்டார். மூக்கில் புதுக் கண்ணாடி.

"தம்பி, ஒண்ணு கேக்கறேன், அவர்கிட்டச் சொல்லிடாதீங்க. எனக்கு டிவியில எல்லாரும் நீலமாத் தெரியறாங்க. செய்தி வாசிக்கிற பொண்ணு தண்ணியில ஊறின மாதிரி இருக்கா. சரி, எனக்குத்தான் கண்ணு போச்சுன்னு பயந்து, மகளைக் கூட்டிட்டு டாக்டர்கிட்டப் போனேன். ஒண்ணுமில்லம்மான்னு சொல்லிப் படிக்கிறதுக்கு இதக் குடுத்தாரு. போட்டுப் பார்த்தாலும் நீலமாத்தான் இருக்கு."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கணவர் சொன்ன நிறத்தைச் சந்தேகப்படுவதைவிடத் தன் கண்ணைச் சந்தேகப்படுவது அந்த அம்மாளுக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. கூடத்துக்கு வந்து, பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்துத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தேன். திரை நீலமாக இருந்தது. சந்தேகத்துக்கே இடமில்லாத நீலம். அப்போதுதான் எனக்கு எல்லாம் உறைத்தது.

"அக்கா, மாஸ்டர் கண்ண ஒரு தடவை காட்டிப் பார்க்கலாமே" என்று மெதுவாக ஆரம்பித்தேன்.

அவர் முகம் மாறிவிட்டது. "ஐயோ, அந்தப் பேச்சே வேண்டாம் தம்பி. ஆலையில ரெண்டு தடவை துணி திரும்பி வந்துடுச்சு. நிறம் சேரலையாம். இன்னொரு தடவை வந்தா அந்த நாற்காலியில மெஷின உக்கார வச்சுடுவோம்னு மேனேஜர் மூஞ்சிக்கு நேராச் சொல்லியிருக்காரு. சாயம் கலக்கறவன் சரியில்ல, விளக்கு சரியில்லன்னு இவரு புலம்பறாரு. இந்த நேரத்துல நாமளும் கண்ணு சரியில்லன்னு சொன்னா மனுஷன் உடைஞ்சு போயிடுவாரு. ரெண்டு வருஷத்துல ஓய்வு. அதுவரைக்கும் மானத்தோட ஓட்டிட்டாப் போதும்."

பூனைக்கு யார் மணி கட்டுவது? மனைவி கட்டமாட்டார். மகள் கட்டமாட்டாள். ஸ்க்ரூடிரைவர் பிடிக்கிற நான், முப்பது வருடம் நிறம் பார்த்தவரிடம் போய் உங்களுக்கு நிறம் தெரியவில்லை என்று எப்படிச் சொல்வேன்? மாஸ்டர் தலையைத் துவட்டிக்கொண்டு வந்து, திரையைப் பார்த்து, என்னைப் பார்த்து, அதே கேள்வியைக் கேட்டார். கொஞ்சம் அதிக நேரம் என் முகத்தையே பார்த்ததாக இப்போது தோன்றுகிறது. அப்போது எனக்கு அவருடைய கண்ணைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

"மஞ்சள்தான், மாஸ்டர்."

நூற்று எழுபது. எழுதி ஒட்டினேன்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் டிவியை மாற்றுவதா வேண்டாமா என்று பெரிய விவாதம். புது டிவி வந்தால் இந்தத் தலைவலி தீரும் என்று மனைவி நினைத்தார். மகளும் அதே கட்சி. மாஸ்டர் மட்டும் மாட்டேன் என்றார். "இருக்கிறதச் சரி பண்ண முடியாதவன்தான் புதுசு தேடுவான்" என்று ஒரே பிடிவாதம். புது டிவியும் மஞ்சளாகத் தெரிந்துவிடுமோ என்று அவர் பயந்திருக்கிறார் என்பது என் மரமண்டைக்கு அப்போது எட்டவில்லை. கடைசியில் மகள் ஜெயித்தாள். ஒரு ஞாயிறு மாலை நால்வருமாகக் கடைக்குப் போனோம். எதற்கும் நீங்களும் வாருங்கள் என்று என்னைக் கூப்பிட்டது மாஸ்டர்தான்.

கடையில் ஒரு சுவர் முழுக்க டிவிகள். இருபதுக்குக் குறையாது. எல்லாவற்றிலும் ஒரே படம் ஓடியது, பனிமலையில் ஒருவன் சறுக்கிக்கொண்டு போகிறான். மாஸ்டர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஆலையில் துணி பார்க்கிற நடையில், சுவரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்தார். திரும்பி வந்தார். மறுபடியும் நடந்தார்.

"எல்லாமே மஞ்சளா இருக்கே" என்றார்.

விற்பனைக்கு நின்ற பெண் சிரித்துவிட்டாள். "சார், இதெல்லாம் வேற வேற கம்பெனி சார். அது பனி சார்!"

மாஸ்டர் சிரிக்கவில்லை. அவர் மனைவி கைப்பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். மகள் என்னைப் பார்த்து, வேண்டாம் என்று தலையை லேசாக ஆட்டினாள். மாஸ்டர் என் பக்கம் திரும்பினார். குரலைத் தாழ்த்தி, கிட்டத்தட்ட என் காதோடு கேட்டார்.

"டிவிக்காரரே, உள்ளதச் சொல்லுங்க. உங்க கண்ணுக்கு எப்படித் தெரியுது?"

என் எதிரே பனி கண்ணைக் கூசுகிற வெள்ளையாக இருந்தது. அந்தப் பெண்ணின் உதட்டில் இன்னும் சிரிப்பு மிச்சம் இருந்தது. அத்தனை பேர் நடுவில் அந்த மனிதரைத் தலைகுனிய வைக்க எனக்கு மனசு வரவில்லை. தைரியமும் வரவில்லை, மனசு என்று சொல்வது கொஞ்சம் மரியாதைக்காக.

"மஞ்சள்தான், மாஸ்டர். இப்ப வர்றது எல்லாமே இப்படித்தான். கண்ணுக்கு இதமா இருக்கணும்னு வேணும்னே வைக்கிறாங்க."

அவர் நீளமாக ஒரு மூச்சு விட்டார். தோளைத் தட்டினார். "அப்பப் பழசே இருக்கட்டும்" என்றார். வீட்டுக்கு வருகிற பேருந்தில் அவர் அவ்வளவு உற்சாகமாக இருந்து நான் பார்த்ததில்லை. ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, போகிற வருகிறவர்களின் சட்டைகளுக்கெல்லாம் மார்க் போட்டுக்கொண்டே வந்தார். பொய்யாக இருந்தாலும் ஒரு நல்ல காரியம் செய்துவிட்டோம் என்று நானும் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பெருமைப்பட்டேன். முட்டாள் பெருமை.

மறுநாள் திங்கட்கிழமை. ஆலையில் ஒரு மருத்துவமனைக்கு வெளிர்நீலத் திரைத்துணி போக வேண்டியிருந்தது. மூன்று தவணையாகத் தனித்தனியே சாயம் ஏற்றிய துணி. மூன்றாவது தவணை ஒத்துப்போகவில்லை என்று மெஷின் சொன்னது. மாஸ்டர் மூன்றையும் விளக்குக்குக் கீழே விரித்துப் பார்த்து, எல்லாம் ஒன்றுதான் என்று கோடு போட்டார். லாரி கிளம்பியது.

இரண்டு வாரம் கழித்து மொத்தமும் திரும்பி வந்தது. கட்டில்களுக்கு நடுவில் வரிசையாகத் தொங்கவிட்டபோது, ஒன்று நீலம், ஒன்று நீலம், ஒன்று சாயம் போன பழைய துணி மாதிரி. மேனேஜர் மூன்று துண்டுகளையும் முற்றத்து வெயிலுக்குக் கொண்டுவந்து, வேலையாட்கள் எல்லாரும் நிற்கிற இடத்தில், "இதுல எது சேரலைன்னு நீங்களே சொல்லுங்க மாஸ்டர்" என்றாராம். மாஸ்டர் ரொம்ப நேரம் பார்த்திருக்கிறார். முகத்துக்குப் பக்கத்தில் வைத்து, தள்ளி வைத்து, திருப்பிப் போட்டு. பிறகு, "எனக்கு மூணும் ஒண்ணாத்தான் தெரியுது" என்றாராம். நின்றவர்கள் எல்லாரும் தரையைப் பார்த்தார்களாம். அன்று சாயங்காலம் அவர் மனைவி இதைத் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தபோது நான் யாரோ ஒருவர் வீட்டு டிவியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பிறகு அந்த டிவியை எப்படி மூடினேன் என்று நினைவில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாயால் கெட்டது வேறு ஒருவர்.

மாஸ்டருக்கு இரண்டு கண்ணிலும் புரை. டாக்டர் பார்த்த உடனே சொல்லிவிட்டார். புரை முற்ற முற்ற வெள்ளையெல்லாம் மஞ்சளடிக்குமாம், நீலம் மங்கிப்போகுமாம். புரை விழும்போது சிலருக்குக் கிட்டத்துப் பார்வை கொஞ்ச நாள் தெளிவாகுமாம். கண்ணாடியைக் கழட்டி வீசினாரே, அந்த இளமை அதுதான். ஒரு கண்ணுக்கு முதலில் அறுவை சிகிச்சை, அது ஆறின பிறகு மற்றது. இரண்டும் முடிந்தால் பார்வை பழையபடி வந்துவிடும் என்றாராம். வந்து என்ன? நாற்காலியில் மெஷின் உட்கார்ந்துவிட்டது. மாஸ்டருக்குத் துணி உருளைகளில் சீட்டு ஒட்டுகிற இடத்தில் வேலை கொடுத்தார்கள்.

வலது கண் ஆறிய பிறகு என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். போகாமல் இருந்துவிடலாமா என்று தெருமுனையில் இரண்டு தடவை திரும்பினேன். கூடத்தில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. மாஸ்டர் எதிரே உட்கார்ந்து, உள்ளங்கையால் ஒரு கண்ணை மூடுவதும், பிறகு மற்றதை மூடுவதுமாக இருந்தார்.

"வாங்க டிவிக்காரரே. இந்தப் புதுக் கண்ணுக்கு டிவி ஒரே நீலம். பயங்கர நீலம். பாவம், இவ இத எப்படித்தான் இத்தனை நாள் பார்த்தாளோ." கையை மாற்றினார். "இந்தப் பழைய கண்ணுக்கு அப்படியே அச்சா இருக்கு. ஒரு குறை சொல்ல முடியாது. நல்ல வேலைக்காரர் நீங்க."

கிண்டல் இல்லை அதில். கிண்டலாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"மாஸ்டர், நான் அன்னிக்குக் கடையில..." என்று ஆரம்பித்தேன்.

"எனக்கு என் கண்ணு மேல சந்தேகம் வந்து ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு" என்றார் அவர், திரையைப் பார்த்தபடியே. "யார்கிட்டக் கேப்பேன்? ஆலையில கேட்டா அன்னிக்கே நாற்காலி போயிடும். வீட்டுல நான் என்ன சொன்னாலும் தலையாட்டுவாங்க. நானே அப்படிப் பழக்கி வச்சுட்டேன். நீங்க வெளியாள், நிறம் தெரிஞ்சவர், என்னால உங்களுக்கு லாபமும் இல்ல நஷ்டமும் இல்ல. அதான் உங்களக் கூப்பிட்டேன். டிவிக்காக இல்ல. பின்னாடி நீங்க எழுதி ஒட்டின நம்பர் ஏறிக்கிட்டே போறத நான் படிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். டிவிக்கு வயசாகுதுன்னு சொன்னீங்க. சரி, இவருக்கு மஞ்சளாத் தெரிஞ்சா எனக்கும் தெரியறது நியாயம்தான்னு நெனச்சேன். அந்தத் திங்கக்கிழமை மெஷின் வேற சொன்னப்ப, ஒரு நிமிஷம் சாக்பீஸ கீழ வச்சேன். அப்புறம் கடையில நீங்க சொன்னது ஞாபகம் வந்துச்சு."

ஒவ்வொரு தடவையும் அவர் கேட்ட ஒரே கேள்வி என் காதில் வரிசையாக வந்து நின்றது. நான்கு தடவை கேட்டிருக்கிறார். நான்கிலும் நான் அதை டிவியைப் பற்றிய கேள்வி என்றே நினைத்திருக்கிறேன். மன்னிப்புக் கேட்கலாம், கேட்டு அந்த நாற்காலியைத் திருப்பித் தர முடியுமா? பையின் வாரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் மனைவி டீயைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு, சுவரோரம் நின்றார். அவரும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

"அந்தத் தாள்ல எது உண்மையான நம்பர்?" என்று கேட்டார் மாஸ்டர்.

"நூத்தி முப்பத்தாறு, மாஸ்டர். முதல் நாள் வச்சது. அன்னிக்கு நெஜமாவே மஞ்சள் இருந்துச்சு."

"அப்ப அதுல வைங்க. மாத்தவெல்லாம் வேண்டாம்."

பட்டியலைத் திறந்து ஒவ்வொரு எண்ணாக இறக்கினேன். நூற்று எழுபதிலிருந்து கீழே வர வர, செய்தி வாசிக்கிற பெண்ணின் முகத்தில் ரத்தம் ஊறியது. நூற்று முப்பத்தாறில் நிறுத்தினேன். அவள் அணிந்திருந்த வெள்ளை மேல்சட்டை வெள்ளையாக இருந்தது.

மாஸ்டர் பழைய கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். நான் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். இந்தத் தடவை கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட வேண்டும் என்று இருந்தேன். "வெள்ளைதான், மாஸ்டர்" என்ற வார்த்தையைத் தயாராக வைத்திருந்தேன்.

அவர் என் பக்கம் திரும்பவில்லை. சுவரோரம் நின்ற மனைவியைக் கூப்பிட்டு, "இங்க வா. உன் கண்ணுக்கு எப்படித் தெரியுது?" என்று கேட்டார்.